தசமி, ஏகாதசி, துவாதசி

1995-ஆம் வருஷத்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்தில் சில வரிகள் இருக்கின்றன. "டிசம்பர் 31, ஞாயிறு. மார்கழி, சுக்ல தசமி. அப்பாவின் பதினொன்றாவது திவசம். திதி தவறவில்லை. எள்ளுருண்டை நன்றாக அமைந்தது." எழுத்து சீராக இருக்கிறது. அன்று மனசில் ஒரு கலக்கமும் இல்லை என்பது அந்த எழுத்தைப் பார்த்தாலே தெரியும். அந்த எள்ளுருண்டையைச் சாப்பிட்ட ஒருவர் இரண்டு நாளில் இறந்துபோனார் என்பது அடுத்த வருஷத்து நோட்டின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. இந்த இரண்டு பக்கங்களுக்கும் நடுவில் நடந்ததை நான் முழுதாக எழுதியதில்லை. அவரை நான் கொன்றேனா என்ற கேள்விக்கு விடை அந்த இடைவெளியில் இருக்கிறது. அதனால்தான் எழுதாமல் இருந்தேன்.

அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. கல்கத்தாவில், அலிப்பூரில் ஓர் அரசு அலுவலகத்தில் தலைமை குமாஸ்தா. டாக்குரியாவில் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் ஒரு மாடி வீட்டில் நான், மனைவி, ஏழு வயது மகன். தேதி போட்டு எழுதி வைப்பது எனக்குப் பள்ளி நாளிலிருந்தே வழக்கம். முதல் காலபைசாகிப் புயல் எந்தத் தேதியில் அடித்தது, லேக்கில் தண்ணீர் எந்த மாதம் இறங்கியது, மகனுக்கு முதல் பல் எந்தக் கிழமை விழுந்தது எல்லாம் என்னிடம் உண்டு. கையில் கிடைப்பதையெல்லாம் படிக்கிறவன் வேறு. காலரா இந்த நகரத்தை என்ன பாடு படுத்தியது என்று படித்திருந்தேன். எழுபத்தொன்றில் எல்லைப்புற அகதி முகாம்களில் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் எத்தனை உயிர்களைப் பிடித்து நிறுத்தியது என்றும் படித்திருந்தேன். படித்தவன் என்ற நினைப்பு எனக்கு நிறையவே இருந்தது.

எங்கள் வீட்டில் தண்ணீர் கொதித்து ஆறிய பிறகுதான் குடத்துக்குப் போகும். டம்ளரை உதட்டில் வைக்காமல் அண்ணாந்துதான் குடிப்போம். தெருவில் புச்கா என்கிற பானிபூரி வண்டி வந்தால் மகனுக்கு வாசலில் நிற்கக்கூட அனுமதி இல்லை. வியாதி என்பது வெளியிலிருந்து வருவது, அடுத்தவர் தண்ணீரிலும் அடுத்தவர் கையிலும் இருப்பது என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. எங்கள் கை எங்கள் கணக்கில் வரவே இல்லை.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் திங்கட்கிழமை. அலுவலகக்காரர்கள் எல்லோரும் குடும்பத்தோடு ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிக்னிக் போனோம். குளிர்காலம் வந்தால் இந்த ஊரில் பிக்னிக் போகாமல் யாரும் தப்ப முடியாது. நாங்கள் மட்டும் புளியோதரை கட்டிக்கொண்டு போய் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். திரும்பும் பஸ்ஸில் ஒரு சகாவின் பெண்குழந்தை வாந்தி எடுத்தது. பஸ் குலுக்கல் என்றார்கள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தவன் என் மகன்.

புதன்கிழமை காலை அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து, "அம்மா, பொமி ஆஷ்சே" என்றான். அவனுக்கு அவசரத்துக்கு வருவது வங்க மொழிதான். வாந்தி வருகிறது என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் கூடத்திலேயே எடுத்துவிட்டான். மனைவி ஒரு பழைய வேஷ்டித் துண்டால் துடைத்து, தண்ணீர் விட்டு அலசி, அதைக் குளியலறைக் கம்பியில் உலர்த்தினாள். பிளீச்சிங் பவுடர் வீட்டில் இருந்தது. அது மழைக்காலத்தில் சாக்கடைக்குப் போடுவதற்கு. துடைத்த இடத்தில் அதைக் கரைத்து விடவேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. தண்ணீர் பட்டால் சுத்தம். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த சுத்தம்.

வியாழன் இரவு அவளுக்கு ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை பகல் முழுதும் அவள் எழுந்திருக்கவில்லை. தெருமுனை டாக்டரை அழைத்து வந்தேன். அவர் வங்காளி, அதிகம் பேசாதவர். குளிர்காலத்து வயிற்று வைரஸ், இதற்கு மருந்து கிடையாது, ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், வாந்தியில் போய்விட்டால் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி ஒரு ஸ்பூனிலிருந்து ஆரம்பியுங்கள் என்றார். கிளம்பும்போது படியில் திரும்பி, "பௌதி-கே ரான்னாகரே ஜேதே தேபேன் நா" என்றார். அண்ணியைச் சமையலறைக்குள் விடாதீர்கள். நல்ல மனிதர், அவளுக்கு ஓய்வு வேண்டும் என்று சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் அவளுக்காகச் சொல்லவில்லை, அவள் சமைத்ததைச் சாப்பிடப்போகிறவர்களுக்காகச் சொன்னார் என்பது தெரிய எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

அன்று மாலை நான்கு மணிக்கு அவள் கடைசியாக வாந்தி எடுத்தாள். அதையும் நோட்டில் எழுதியிருக்கிறேன். "வெள்ளி, 4 மணி. பித்தம் மட்டும்."

சனிக்கிழமை எழுந்து உட்கார்ந்தாள். இரண்டு வாய் ரசம் சாதம் சாப்பிட்டாள். மறுநாள் அப்பாவின் திவசம். அழைத்தால் வந்து சமைத்துக் கொடுக்கும் மாமா ஒருவர் உண்டு. அவர் சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு பஜனைக்குச் சமைக்கப் போயிருந்தார்.

"ஏன்னா, இருபது நாள்ல தை அமாவாசை வரது" என்றாள் அவள். "உடம்பு முடியாம போனா அன்னிக்குப் பண்ணிக்கலாம்னு வாத்தியாரே ஒரு தரம் சொல்லியிருக்காரே."

"முடியாம போனாத்தானே? நீதான் எழுந்துண்டுட்டியே."

"எழுந்துண்டேன். நிக்க வேண்டாமா?"

"பத்து வருஷமா ஒரு தரம்கூடத் திதி தப்பினதில்லை."

"திதி உங்களுக்கு. அடுப்பு எனக்கு" என்று சிரித்தாள். பிறகு எழுந்து போய் மடிப் புடவையை நனைத்துப் பிழிந்து, யாரும் தொடாத உயரத்தில் கொம்பால் உலர்த்தினாள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு அவள் எள்ளுருண்டை பிடிக்க உட்கார்ந்தாள். மறுபடியும் ஒன்று கேட்டாள்.

"சோப்புப் போட்டுக் கை அலம்பிண்டு வந்துடட்டுமா? ரெண்டு நாளா படுத்துண்டிருந்த கை."

"தலைக்குக் குளிச்சாச்சோல்லியோ? மடிக்கு மேல என்ன சோப்பு? திவசத்தன்னிக்கு சோப்புத் தொடற வழக்கம் உண்டா நம்மாத்துல?"

அவள் செம்புத் தண்ணீரில் கையை நனைத்து உதறிவிட்டு உருட்ட ஆரம்பித்தாள். குழம்பு, கூட்டு, பாயசம், வடை எல்லாம் கொதித்தவை, எண்ணெயில் வெந்தவை. எள்ளுருண்டை மட்டும் வறுத்த எள்ளையும் வெல்லத்தையும் இடித்து, சூடு இல்லாமல், உள்ளங்கையில் வைத்து உருட்டுவது. அது கையிலிருந்து நேரே இலைக்குப் போகும்.

திவசத்தில் சாப்பிட இரண்டு பேரை உட்கார்த்த வேண்டும். அவர்களில் ஒருவர் இறந்தவரின் இடத்தில் உட்காருகிறார். அவர் காலை அலம்பி, அவருக்குப் பரிமாறி, அவர் திருப்தி என்று சொன்னால் அப்பா சொன்னதாகக் கணக்கு. கல்கத்தாவில் இதற்கு ஆள் கிடைப்பது லேசில்லை. ஒருவர் எங்கள் தெருவிலேயே இருந்த இளவயது வங்கி ஊழியர். லீவு நாள் என்பதால் ஒப்புக்கொண்டார். அப்பாவின் இடத்தில் உட்காரப் பத்து வருஷமாக வந்தவர் எழுபத்து நான்கு வயதுப் பெரியவர். டாக்குரியா ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம், ஒரு வங்காளி வீட்டின் கீழ்த்தளத்தில் ஒற்றை அறையில் இருந்தார். சணல் கம்பெனி ஒன்றில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கூடப்பிறந்தவர் என்றும் யாரும் மிஞ்சவில்லை.

நான் கால் அலம்பும்போது அவர் எப்போதும் சொல்லும் ஒரு பேச்சு உண்டு. அன்றும் சொன்னார்.

"இந்த ஊர்ல எத்தனை பேருக்கு அப்பாவா இருந்திருக்கேன், தெரியுமோ? கல்யாணம் பண்ணிக்காமலே!"

வாத்தியார் மந்திரத்தை நிறுத்திவிட்டு, "ஓய், இன்னிக்கு ஒருத்தருக்குத்தான் அப்பா. வாயை மூடிண்டு உக்காரும்" என்றார்.

"அப்பான்னா நாலு வார்த்தை சொல்லத்தான் சொல்லுவேன்."

சாப்பிடும்போது நான் எள்ளுருண்டைத் தட்டோடு நின்றேன். என் அப்பாவுக்கு அது உயிர். அது அவருக்கும் தெரியும்.

"உங்கப்பா இன்னும் ரெண்டு கேக்கறார்டா. போடு" என்றார்.

போட்டேன். பிறகு நானாகவே இன்னொன்றும் போட்டேன். மொத்தம் ஐந்து. வங்கி ஊழியர் இனிப்பு அதிகம் ஆகாது என்று ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். கடைசியில் நான் திருப்திதானா என்று கேட்க, பெரியவர் திருப்தி என்றார். போகும்போது வாசலில் நின்று என் மனைவியைப் பார்த்து, "என்னம்மா, மூஞ்சி வாடிக் கிடக்கே, உடம்புக்கென்ன?" என்றார். "ஒண்ணுமில்லை மாமா" என்றாள் அவள். நான்தான் அப்படிச் சொல்லச் சொல்லியிருந்தேன்.

திவசம் சாப்பிட்டவர் அன்று இரவு மறுபடி சாப்பிடக்கூடாது. மறுநாள், 1996 ஜனவரி 1, வைகுண்ட ஏகாதசி. அன்று முழுதும் உபவாசம். ஆக ஞாயிறு மத்தியானத்துக்குப் பிறகு அவர் வாயில் எதுவும் போட வேண்டியது செவ்வாய்க்கிழமை துவாதசிப் பாரணைக்குத்தான். வயசுக்கு இதெல்லாம் வேண்டாம் என்று யார் சொன்னாலும் கேட்கிறவர் இல்லை. ரத்தக் கொதிப்புக்காக நீர் பிரியும் மாத்திரை தினம் ஒன்று போட்டுக்கொள்வார். அதை விரத நாளிலும் விட்டதில்லை என்று பிறகு தெரிந்தது. அவர் கணக்கில் மாத்திரை மருந்து, உப்புக் கலந்த தண்ணீர் ஆகாரம்.

திங்கட்கிழமை நான் அலுவலகம் போனேன். எல்லோரும் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லி சந்தேஷ் மிட்டாய் கொடுத்தார்கள். விரதம் என்று வாங்கி மேசையில் வைத்தேன். மத்தியானம் வயிற்றைப் புரட்டியது. பட்டினியால் என்று நினைத்தேன். மாலை வீட்டுப் படியேறும்போதே வாந்தி வந்துவிட்டது. மனைவி ஓ.ஆர்.எஸ். கரைத்துக்கொண்டு வந்தாள்.

"ஏகாதசி" என்றேன்.

"மருந்துக்குத் தோஷமில்லை. குடிங்கோ."

குடித்தேன். எனக்கு அந்த நியாயம் உடனே பிடிபட்டது. அடுத்த ஸ்பூனுக்குக் காத்திருந்தபோது அவள் கேட்டாள்:

"ஏன்னா, முதல்ல இவனுக்கு, அப்பறம் எனக்கு, இப்ப உங்களுக்கு. நேத்திக்கு மாமா நம்மாத்துல சாப்பிட்டிருக்காரே. அவருக்கும் இப்படி இருந்தா? ஒரு நடை போய்ப் பாத்துட்டு வரட்டுமா?"

"ஏகாதசி அன்னிக்கு அவர் ஜபத்துல இருப்பார். போய்த் தொந்தரவு பண்ணாதே. நாளைக்குப் பாரணைக்கு அப்பறம் நானே போறேன்."

மணி ஆறரை. அவர் அறைக்கு எங்கள் வீட்டிலிருந்து பன்னிரண்டு நிமிஷ நடை. இப்போது தெரிந்த கணக்குப்படி, அவருக்கு அப்போது வாந்தியும் பேதியும் ஆரம்பித்துப் பதினான்கு மணி நேரம் ஆகியிருந்தது.

செவ்வாய் காலை ஏழு மணிக்கு, நடந்தால் கால் நடுங்குகிற நிலையில் நான் போனேன். வீட்டுக்கார அம்மாளை நாங்கள் எல்லோரும் மாஷிமா என்றுதான் கூப்பிடுவோம். அவள் அவர் அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அப்போதுதான் திறந்திருக்கிறாள்.

"உபோஷ் போலே ஆமி டாகினி" என்றாள். உபவாசம் என்பதால் நான் கூப்பிடவில்லை. அதையே மூன்று நான்கு தரம் சொன்னாள். ஏகாதசியன்று தாதூ, அவளுக்கு அவர் தாத்தா முறை, கதவைச் சாத்திக்கொண்டு இருப்பார், சாப்பிட மாட்டார், பேச மாட்டார், வருஷக்கணக்காக அப்படித்தானே, எனக்கு எப்படித் தெரியும் என்றாள். அவளுக்குத் தெரிய வழியில்லை. தெரிய வழியிருந்தவன் நான் ஒருவன்தான்.

அவர் கட்டிலில் சுவர்ப் பக்கம் ஒருக்களித்துக் கிடந்தார். கீழே ஒரு வாளி. அறை முழுதும் அந்த நாற்றம். கண்கள் உள்ளே போயிருந்தன. கையைப் பிடித்தேன். தோலைக் கிள்ளினால் கிள்ளியபடி நின்றது. அது என்ன அறிகுறி என்று எனக்குத் தெரியும், படித்திருக்கிறேன்.

"பாரணைக்கு நாழியாச்சா?" என்றார். குரல் இல்லை, காற்றுதான் வந்தது.

"ஆச்சு மாமா. இதைக் குடிங்கோ." வரும்போதே பாட்டிலில் கரைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

"உப்புப் போட்டிருக்கோ?"

"மருந்து மாமா."

"உப்புன்னா குளிச்சுட்டுத்தான்."

"மாமா, எப்பலேர்ந்து இப்படி? ஒரு ஆளனுப்பி எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"நேத்து விடியக்கால நாலரைக்கு" என்றார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வாந்தி எடுத்தேன்னு உங்காத்துல சொல்லாதே. பித்ருக்கள் ஏத்துக்கலைன்னு உன் ஆம்படையா கலங்கிப் போயிடுவா. சமையலெல்லாம் நன்னா இருந்தது. உங்கப்பாவுக்குத் திருப்தி."

ஆளனுப்பாததற்குக் காரணம் அதுதான். திவசச் சாப்பாடு தங்கவில்லை என்று தெரிந்தால் எங்கள் மனசு கெடும் என்று, திங்கட்கிழமை முழுதும் அவர் வாளியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்துக்கொண்டு கிடந்திருக்கிறார்.

பூஜை அலமாரியிலிருந்து அவருடைய உத்தரணிக் கரண்டியை எடுத்து, தீர்த்தம் மாமா என்று சொல்லி, அந்தக் கரைசலை மூன்று தரம் வாயில் விட்டேன். முழுங்கினார். பொய் சொன்னேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். நாலாவது வெளியே வழிந்துவிட்டது. மாஷிமா தன் பிள்ளையை அனுப்பி டாக்ஸி கொண்டுவந்தாள். பக்கத்திலேயே ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தோம். உடனே டிரிப் ஏற்றினார்கள், குறை சொல்வதற்கில்லை. நேற்று இந்நேரம் கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சிறுநீரகம் நின்றுபோயிருந்தது. மத்தியானம் மூன்றரைக்கு இதயமும் நின்றது.

மறுநாள் காலை மயானத்துக்குப் பதினைந்து பேர் வந்தார்கள். அவர் யார் யாருக்கு அப்பாவாக உட்கார்ந்தாரோ அந்தப் பிள்ளைகளில் பலரும் வந்திருந்தார்கள். ஒருவரும் அழவில்லை. வாத்தியார் ஈர வேஷ்டியோடு நின்று சொன்னார்:

"கொடுத்து வச்சவர் ஐயா. தசமியில பித்ரு போஜனம், வைகுண்ட ஏகாதசியில உபவாசம், துவாதசியில பிராணன். யாருக்குக் கிடைக்கும்?"

"நமக்கெல்லாம் ஆஸ்பத்திரியில மூக்குல குழாயோட ஒரு அஷ்டமியிலதான்" என்றார் ஒருவர். சிலர் சிரித்தார்கள்.

"தேதி பாத்து எழுதி வைங்கோ சார், நீங்கதானே எழுதறவர்" என்று இன்னொருவர் என் தோளில் கை வைத்தார்.

நான் அப்போது சொல்லியிருக்கலாம். எங்கள் வீட்டில் மூன்று நாளாக வாந்தி இருந்தது, நான் மறைத்தேன், அவர் அதனால்தான் போனார் என்று பதினைந்து பேர் நடுவில் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன் என்று கூட நினைக்கிறேன். ஆனால் அவர்கள் எல்லோரும் அந்த மூன்று திதிகளையும் விரலில் எண்ணி எண்ணிச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்கள். திதியை மதிக்கக் கற்றவன் நான். என்னைவிட நன்றாக அவர்கள் மதித்தார்கள். அந்தச் சாவை அவர்களிடமிருந்து பிடுங்க எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போதும் வந்திருக்காது.

நான் செய்தது வேறொன்று. அந்த வாரம் நோட்டில், "காரணம்: வீட்டுக்காரர் தொட்டித் தண்ணீர்?" என்று எழுதினேன். கேள்விக்குறி போட்டிருக்கிறேன், ஆனால் மாஷிமாவிடம் பேசும்போது கேள்விக்குறி போடவில்லை. உங்கள் தொட்டியைச் சுத்தம் செய்யுங்கள், அதில்தான் ஏதோ இருக்கிறது என்றேன். அவள் முகம் சுருங்கிப்போயிற்று. நாங்களும் அந்தத் தண்ணீரைத்தானே குடிக்கிறோம் என்று மெல்லச் சொன்னாள். இருந்தாலும் ஆள் வைத்துத் தொட்டியைக் காலி செய்து தேய்த்தாள். அதற்குள் அவள் பேரனுக்கும் வாந்தி வந்து போயிருந்தது. தாதூவின் வாளியை வெறும் கையால் கழுவியவள் அவள். வங்கி ஊழியரும் ஒரு நாள் லீவு போட்டார் என்று கேள்விப்பட்டேன். எல்லாம் என் நோட்டில் தேதியோடு இருக்கிறது. ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்க்கத்தான் இல்லை. பார்க்க விரும்பவில்லை என்று சொல்வதுதான் சரி.

என் மனைவியிடம் அவர் கேட்டுக்கொண்டபடி நான் வாந்தியைப் பற்றிச் சொல்லவில்லை. இதயம் என்று சொன்னேன். அவள் நம்பினாளா என்று கேட்டதில்லை. அடுத்த வருஷத்திலிருந்து அவள் எள்ளுருண்டை பிடிக்கவில்லை. கை வலி என்றாள். திவசத்துக்குச் சாப்பிட ஆள் அழைப்பதையும் நிறுத்திவிட்டு, அரிசி, பருப்பு, வாழைக்காய் கொடுத்து முடித்துக்கொண்டோம். அப்பாவின் இடத்தில் உட்கார ஆள் கிடைக்காததுதான் காரணம் என்று மற்றவர்களுக்குச் சொன்னேன்.

2006-ல் மகன் தமிழ்நாட்டில் ஓர் ஊரில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தான். அவன் விடுதியில் ஒரே வாரத்தில் பாதிப் பேருக்கு வாந்தி, பேதி என்று போன் வந்து நான் ரயிலேறினேன். போய்ச் சேர்ந்தபோது அவன் தேறி உட்கார்ந்திருந்தான். விடுதிச் சாப்பாட்டுக் கூடத்துக் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். சமையல்காரர்களுக்கானது. வாந்தியோ பேதியோ வந்தவர்கள் அது முழுதாக நின்று இரண்டு நாள் கழியும்வரை சமையலறைக்குள் வரக்கூடாது. உடம்பு தேறிவிட்டது என்று தோன்றினாலும் கிருமி கையில் இருக்கும். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும், வெறும் தண்ணீர் போதாது. வாந்தி பட்ட இடத்தைப் பிளீச்சிங் கரைசலால் துடைக்க வேண்டும். கையால் பிடித்து, வேகவைக்காமல் பரிமாறும் பண்டங்கள் கூடாது. அந்தக் கதவுக்கு முன்னால் நான் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. மகன் வந்து, "என்னப்பா, தேதி போட்டிருக்கான்னு பாக்கறியா?" என்று கேலி செய்தான்.

ஊர் திரும்பியதும் பழைய நோட்டை எடுத்தேன். வெள்ளி மாலை நான்கு மணி. ஞாயிறு காலை ஏழு மணி. முப்பத்தொன்பது மணி நேரம். இரண்டு நாள் என்றால் நாற்பத்தெட்டு. ஒன்பது மணி நேரம் குறைவு. அந்த நாற்பத்தெட்டும் கழிந்தால் கிருமி அடியோடு போய்விடும் என்று உறுதி இல்லை என்று பிறகு வேறு இடங்களில் படித்தேன். ஆனால் இருபது நாள் இருந்தது. தை அமாவாசை வரை இருபது நாள் என் கையில் இருந்தது. ஒரு சோப்புக் கட்டி குளியலறையில் இருந்தது. பன்னிரண்டு நிமிஷ நடை இருந்தது.

அன்று சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இதயம் என்று சொன்னது பொய் என்பதிலிருந்து ஆரம்பித்தேன். அவர் வாளியை மறைத்து வைத்தது, மணிக்கட்டைப் பிடித்தது, தீர்த்தம் என்று சொல்லிக் கொடுத்தது, விடுதிக் கதவு, முப்பத்தொன்பது மணி. நோட்டையும் பிரித்து அவள் முன் வைத்தேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தை மெதுவாகப் படித்தாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"வாந்தி எடுத்த மணி எழுதியிருக்கேள். உருண்டை நன்னா அமைஞ்சதுன்னு எழுதியிருக்கேள்" என்றாள். "நான் மூணு தரம் கேட்டேன். அமாவாசைக்கு வெச்சுக்கலாமான்னு கேட்டேன். சோப்புப் போட்டுக்கட்டுமான்னு கேட்டேன். மாமாவைப் போய்ப் பாக்கட்டுமான்னு கேட்டேன். அது எந்தப் பக்கத்துல இருக்கு?"

முன்னும் பின்னும் புரட்டினேன். இல்லை என்று எனக்குத் தெரியும், இருந்தும் புரட்டினேன்.

"பதினோரு வருஷமா என் கைதான்னு நினைச்சிண்டிருக்கேன்" என்றாள். "மாஷிமா அன்னிக்கே சொல்லிட்டா, வாந்தின்னு. நீங்க சொல்றேளா பாக்கலாம்னு இருந்தேன்."

பேனாவை எடுத்தேன். ஓரத்தில் எழுதலாம், இடம் இருக்கிறது.

"இப்ப எழுதினா என்ன தேதி போடுவேள்?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போனாள்.

சமையலறைக் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. இரவுச் சமையலுக்கு முன்னால் அவள் கை கழுவுவாள். சோப்பைத் தேய்த்து, கழுவி, மறுபடி தேய்த்து, விரலிடுக்கு, நகக்கண் என்று நெடுநேரம் கழுவுவாள். குளிர்காலத்தில் புறங்கைத் தோல் வெடித்து ரத்தம் கசியும். எத்தனை வருஷமாக இப்படிக் கழுவுகிறாள், எந்த மாதம் ஆரம்பித்தது என்று யோசித்தேன். என் நோட்டுகள் எதிலும் அது இல்லை. குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.